நேர்க்கால் நாற்காலி

மறைமலைநகரில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் நானும் ஞானதாஸ் அண்ணனும் வேலை பார்க்கிறோம். நான் தரச் சோதனையில், அவர் பேக்கிங்கில். செங்கல்பட்டிலிருந்து கிளம்பும் கம்பெனி பஸ்ஸில் எட்டு வருடமாக அடுத்தடுத்த சீட். அவருக்கு நடந்ததில் எனக்கும் பங்கு உண்டு. அதனால் எதையும் குறைக்காமல் சொல்கிறேன்.

அவருக்கு வயது நாற்பத்து நான்கு. அவருடைய அப்பா அம்மா அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர்கள். வீட்டுக்குள் வந்த முதல் நாற்காலியே அவர் கல்யாணத்துக்கு யாரோ கொடுத்த பிளாஸ்டிக் நாற்காலிதான். மரவேலையை அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. வெளிநாட்டிலிருந்து பாகங்கள் வந்திறங்கும் மரப்பெட்டிகளைக் கம்பெனி கழித்துக்கட்டும்போது கேட் பாஸ் வாங்கி எடுத்துப்போவார். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் வைத்து அறுப்பார், இழைப்பார். கடையில் இருப்பதைப் பார்த்துச் செய்வதில் அவருக்கு இஷ்டமில்லை. இதுவரை யாரும் செய்யாததாக இருக்க வேண்டும். சுவரில் மடித்து மாட்டும் மேசை, உள்ளே செருப்பு வைக்க இடமுள்ள பெஞ்சு என்று ஒவ்வொன்றையும் முதலில் கட்டம் போட்ட தாளில் பென்சிலால் வரைவார்.

செய்து முடித்ததும் போட்டோவையும் வரைபடத்தையும் ஃபேஸ்புக்கில் ஒரு மரவேலைக் குழுவில் போடுவார். அந்தக் குழுவைக் காட்டிக்கொடுத்தது நான்தான். கீழே வரிசையாக 'சூப்பர்', 'அருமை' என்று விழும். அவருக்கு அது பிடிக்காது.

"சூப்பர்னா இன்னாத்த கத்துக்கிறது? எங்க தப்பு கீதுன்னு ஒருத்தனும் சொல்ல மாட்றான் பாரு," என்பார்.

தப்பைச் சொல்கிற ஒரே ஆள், கோயம்புத்தூர்க்காரர் ராகவன். நேரில் பார்த்ததில்லை. அவர் எழுதும் ஒரு வரிக்காக அண்ணன் நாள்கணக்கில் காத்திருப்பார்.

அண்ணனின் மனைவி ரூத் அண்ணிக்கு மூன்று வருடமாக முடக்குவாதம். நாவலூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் சூப்பர்வைசராக இருந்தவர், வேலையை விட்டுவிட்டார். காலையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. போன வருடம் அண்ணன் அவருக்காக ஒரு நாற்காலி செய்தார். உட்காரும் பலகை வழக்கத்தைவிட உயரம். இரண்டு கைப்பிடிகளும் பலகையைத் தாண்டி ஐந்து அங்குலம் முன்னால் நீண்டிருக்கும். அந்த நுனியைப் பிடித்து ஊன்றினால் உடம்பு தானாக மேலே வரும். முதல் நாள் அண்ணி யார் உதவியும் இல்லாமல் எழுந்து நின்று சிரித்தார். அண்ணன் அதைப் படம் எடுத்தார். அந்தப் படமும் அளவுகள் எழுதிய தாளும் குழுவுக்குப் போயின.

அன்றைக்கே அவற்றை நான் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அனுப்பினேன். 'என் நண்பர் செய்தது' என்று பெருமையாக ஒரு வரியும் சேர்த்தேன்.

பதினோரு நாள் கழித்து ராகவன் எழுதினார்: 'கைப்பிடி நுனியில் எண்பது கிலோ ஆள் ஊன்றினால் நாற்காலி எங்கே போகும்?'

அண்ணன் எண்பத்திரண்டு கிலோ. அவரே உட்கார்ந்து ஊன்றிப் பார்த்தார். பின்கால்கள் தரையை விட்டு எழும்பி, நாற்காலி அவரோடு முன்னால் கவிழ்ந்தது. அண்ணி நாற்பத்தோரு கிலோ என்பதால் அதுவரை தெரியவில்லை. அண்ணன் அந்த நாற்காலியை அறுத்துப்போட்டுவிட்டு, முன்கால்கள் சாய்ந்து கைப்பிடி நுனிக்கு நேர் கீழே வந்து ஊன்றும்படி வேறொன்று செய்தார். பழைய பதிவை அழித்து, புதிய வரைபடத்தைப் போட்டு, ராகவனுக்கு நன்றியும் எழுதினார். பஸ்ஸில் என்னிடமும் சொன்னார். நான் கேட்டுக்கொண்டேன். குடும்பக் குழுவில் திருத்தி அனுப்ப வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கடப்பாக்கத்தில் என் பெரியம்மா ஜஹனாரா இருக்கிறார். முழங்கால் வலிக்காரர், கனத்த உடம்பு. நான் அனுப்பிய படத்தைப் பார்த்து அங்கே ஒரு ஆசாரியிடம் நாற்காலி செய்யச் சொல்லியிருக்கிறார். அது வீட்டுக்கு வந்த ஐந்தாம் நாள் கைப்பிடியை ஊன்றி எழுந்தவர், நாற்காலியோடு முன்னால் விழுந்தார். வலது முட்டிச்சில்லு உடைந்தது. மணிக்கட்டும் முறிந்தது.

மறுநாள் பஸ்ஸில் அண்ணனிடம் சொன்னேன். அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"கால் நேரா, சாஞ்சா?"

"நேரா, அண்ணே."



ஞாயிற்றுக்கிழமை அண்ணன் சர்ச் முடிந்து வந்ததும் இருவரும் கடப்பாக்கம் போனோம். அண்ணன் பையில் ரம்பம், துளைக்கருவி, சாய்வாக அறுத்த இரண்டு கால்கள் எல்லாம் கொண்டுவந்திருந்தார். பெரியம்மாவின் மகன் நௌஷாத் வாசலில் நின்றான். நாற்காலி முற்றத்து ஓரத்தில் கிடந்தது. அண்ணன் யாரென்று நான் சொன்னேன்.

"வரைஞ்சது நீங்களா சார்? இன்னாத்துக்கு அத ஊருக்கெல்லாம் போட்டீங்க?"

"தப்பு இருந்தா யாராச்சும் சொல்லுவாங்கன்னு போட்டேன் தம்பி."

"அத எங்கம்மாவ வச்சா பாக்கணும்?"

அண்ணன் பையைத் திறந்தார். "இதோட முன்கால மட்டும் மாத்திக் குடுத்துட்றேன். அரை மணி நேரம்..."

"தொடாதீங்க," என்றான் நௌஷாத்.

உள்ளே பெரியம்மா கட்டிலில் படுத்திருந்தார். காலில் தொடைவரை கட்டு. எங்களுக்கு டீ கொடுக்கச் சொன்னார். அண்ணனையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"படத்துல சிரிச்சுகினு நிக்குறாங்களே, அது உங்க வூட்டம்மாவா?"

"ஆமாம்மா."

"அவங்க சிரிப்பப் பாத்துத்தான் எனக்கும் ஒண்ணு வேணும்னு கேட்டேன்."

அண்ணன் டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். குடிக்கவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் அந்தப் பை அவர் மடியிலேயே இருந்தது.

அதோடு முடியவில்லை. வீட்டுக் குறிப்புகள் போடும் ஒரு வீடியோ பக்கம் அந்தப் பழைய படத்தை எடுத்து, 'முழங்கால் வலியா? இந்த நாற்காலி போதும்' என்று பின்னணிக் குரலோடு ஓடவிட்டிருந்தது. ஒன்பது லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். அண்ணன் கீழே எழுதினார்: 'இந்த அளவு தப்பு. யாரும் செய்யாதீர்கள்.' அவர் எழுதியது நூற்றுக்கணக்கான 'சூப்பர்'களுக்கு அடியில் காணாமல் போனது. அந்தப் பக்கத்துக்கு மூன்று முறை செய்தி அனுப்பினோம். ஃபேஸ்புக்கில் புகார் கொடுத்தோம். விதிமீறல் எதுவும் இல்லை என்று பதில் வந்தது.

கடைசியில் ரூத் அண்ணியே ஒரு வீடியோவில் பேசினார். புது நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "பழைய படத்த நம்பி செய்யாதீங்க, ஒரு அம்மா வுழுந்துட்டாங்க," என்றார். இருநூற்றுப் பதினான்கு பேர் பார்த்தார்கள். ஒருவர் எழுதியிருந்தார்: 'அக்கா, அந்தப் பழைய நாற்காலியின் அளவு கிடைக்குமா?'

இந்த வருடம் பொங்கல் கழிந்து ஒரு படம் எனக்கு எங்கிருந்தோ வந்தது. ஏதோ ஒரு முதியோர் இல்லம். நீள வராந்தாவில் பன்னிரண்டு நாற்காலிகள், பன்னிரண்டிலும் ஆள்கள். யாரோ நன்கொடையாகச் செய்து கொடுத்தார்களாம். கால்கள் எல்லாம் நேர்க்கால்கள். பஸ்ஸில் அண்ணன் என் போனை வாங்கி விரல்களால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"போர்டு எதாச்சும் தெரியுதா பாரு தௌசிஃப்பு. எந்த ஊருன்னு தெரிஞ்சா போதும்."

தெரியவில்லை. அனுப்பியவனைக் கேட்டேன். அவனுக்கும் யாரோ அனுப்பியது. மூன்று பேர் வரை பின்னால் போய்ப் பார்த்தோம். நான்காவது எண் எடுக்கவில்லை. தினமும் அழைத்தோம். பிறகு அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது.

பெரியம்மா இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறார். முட்டி முழுதாக மடங்குவதில்லை. நௌஷாத் என்னோடு பேசுவதில்லை. ராகவன் இரண்டு முறை 'ஏன் ஒன்றும் போடுவதில்லை?' என்று கேட்டு எழுதினார். அண்ணன் பதில் போடவில்லை.

போன வாரம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணி குளிக்கும்போது உட்கார அண்ணன் ஒரு முக்காலி செய்திருந்தார். நான் தொண்ணூற்றொரு கிலோ. என்னை அதில் உட்காரச் சொன்னார். முன்னால் சாயச் சொன்னார், பக்கவாட்டில் சாயச் சொன்னார், ஒரு ஓரத்தில் மட்டும் ஊன்றி எழச் சொன்னார். அசையவில்லை.

"நல்லாத்தான் கீது அண்ணே," என்றேன்.

அவர் குனிந்து அதன் மூன்று கால்களையும் மறுபடி அளந்தார். அண்ணி துண்டோடு சுவரைப் பிடித்து நின்றுகொண்டிருந்தார்.

"குடுங்க, குளிச்சுட்டு வர்றேன்."

"இன்னும் ரெண்டு நாள் போவட்டும் ரூத்து," என்று முக்காலியைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போனார்.