ஆயிரம் கிப் தாளின் இலக்கம்

உறையைக் கிழித்ததும் ஈரத்தில் கிடந்த துணியின் வாடை வந்தது, பிறகுதான் ஆயிரம் கிப் தாள் வந்தது. ஒரு பக்கம் மூன்று பெண்கள், மறுபக்கம் மாடுகள். தொண்ணூறுகளின் கடைசியில் கிழமைக்குக் கிழமை மதிப்பிறங்கிக்கொண்டிருந்த லாவோஸ் நாட்டுக் காசு அது. ஹனோவரில் எங்கள் தெருக் கடையில் அதற்கு ஒரு மிட்டாய்கூடத் தந்திருக்க மாட்டார்கள்.

அனுப்பியவர் அப்பாவின் தம்பி, என் சித்தப்பா. யாழ்ப்பாணத்திலிருந்து ஜெர்மனிக்குக் கூட்டிவருவதாகச் சொன்ன "ஏஜென்சிக்காரன்" அவரையும் வேறு ஆறு பேரையும் லாவோஸின் தலைநகர் வியந்தியானில் ஓர் அறையில் இருத்திவிட்டு, மிச்சக் காசு தருபவர்களை மட்டும் அடுத்த நாட்டுக்குக் கொண்டுபோவதாகச் சொல்லியிருந்தான்.

அந்தக் காசெல்லாம் வங்கி வழியாகப் போவதில்லை, "உண்டியலில்" போகும். இங்கே ஒருவரிடம் கட்டினால் அங்கே அவருடைய ஆள் கொடுப்பான்; ரசீது, கையெழுத்து ஒன்றும் கிடையாது. வாங்கப்போகிறவர் தன் கையிலிருக்கும் பணத்தாள் ஒன்றின் இலக்கத்தைத் தொலைபேசியில் சொல்வார், அந்தத் தாளையே கொண்டுபோய்க் காட்டினால்தான் காசு.

ஒரு சனிக்கிழமை சித்தப்பா அங்கத்தைத் தபாற்கந்தோரிலிருந்து தொலைபேசி எடுத்தார். எழுத்து நல்லாயிருக்கிறது என்று அப்பா என்னைத்தான் எழுதவிட்டார்.

"முன்னாலை இருக்கிற எழுத்து எனக்கு வாசிக்க ஏலாது குஞ்சு, நம்பரை மட்டும் எழுதுங்கோ," என்றார் சித்தப்பா.

எழுதி முடித்துவிட்டு, வகுப்பில் வெளிநாட்டுத் தாள் சேர்க்கிற பைத்தியம் பிடித்திருந்த நான், அப்பாவின் காதில் விழாமல், "எனக்கும் அந்த ஊர்த் தாள் ஒண்டு அனுப்புறீங்களா?" என்று கேட்டேன். வயது பத்து. "ஓம் ஓம், இண்டைக்கே போடுறன்," என்றார். அவரிடம் இரண்டு தாள்கள் இருந்திருக்க வேண்டும்.

கடிதம் வர இரண்டு கிழமைக்கு மேலாயிற்று. அப்பா தாளைத் திருப்பிப் பார்த்தார், நான் இலக்கம் எழுதிய கொப்பியை எடுத்துவரச் சொன்னார், இலக்கங்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு ஒப்பிட்டார். ஒன்றும் மாறவில்லை, அதே தாள்தான். பிறகு கதிரையில் இருந்தார். அம்மா தேத்தண்ணி வைத்தாள், அதை யாரும் குடிக்கவில்லை. எனக்குப் பயமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

உண்டியல்காரர் விசாரித்துச் சொன்னார்: யாரோ வேறு தாளோடு வந்திருக்கிறான், திருப்பி அனுப்பிவிட்டார்கள், மற்ற ஆறு பேரும் புறப்பட்டுவிட்டார்கள். சித்தப்பா அதற்குப் பிறகு தொலைபேசி எடுக்கவேயில்லை. எல்லையில் பிடிபட்டதாக ஒருவர் சொன்னார், பாங்கொக்கில் கண்டதாக இன்னொருவர். கட்டிய காசை உண்டியல்காரர் நாணயமாகத் திருப்பித் தந்தார். அரை வருடம் வைத்திருந்துவிட்டு, அதில் எங்களுக்குச் சலவை இயந்திரம் வாங்கினார்கள். நன்றாகத்தான் ஓடியது.

இப்போது காசு கைத்தொலைபேசியில் ஒரு தட்டலில் போகிறது. தாளின் இலக்கத்தை யாரும் வாசிப்பதில்லை, ஜெர்மனியின் பழைய டொச் மார்க் காசும் இல்லை, அப்பாவும் இல்லை. சித்தப்பாவின் பேச்சு வந்தபோதெல்லாம் அப்பா சொன்னது ஒன்றுதான்: "விசரன். எந்தத் தாளைக் கையிலை வைச்சிருக்கிறதெண்டு தெரியாமல், கேக்காத காசைக் கடிதத்துக்குள்ளை வைச்சு அனுப்பினவன்."

கேட்டது நான் என்று கடைசிவரை அவருக்குச் சொல்லவில்லை.