நீல அட்டைப் புத்தகத்தின் கடைசிப் பக்கம்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். எங்கள் பள்ளிக்கு அந்தப் புத்தகப் பெட்டி வந்த அன்றும் வந்தது. பொங்கல் விடுமுறை முடிந்து இரண்டு வாரம் ஆகியிருக்கும். மலைமேல், தேவனூர் நாடு என்கிற சிற்றூர்க் கூட்டத்தில் எங்களுடையது ஐந்தாம் வகுப்பு வரை உள்ள பள்ளி. ஆசிரியர்கள் இரண்டே பேர், தலைமை ஆசிரியை நான். கூரை ஒழுகுகிறது என்று எழுதி எழுதி என் கை ஓய்ந்திருந்தது. அதற்குப் பதில் இல்லை, பெட்டி மட்டும் வந்தது. திறந்து பார்த்தால் குழந்தைகளின் மனநலத்துக்கான கதைப் புத்தகங்கள். பயப்படுகிற பிள்ளைக்கு ஒன்று, கோபப்படுகிற பிள்ளைக்கு ஒன்று, அழ வெட்கப்படுகிற பிள்ளைக்கு ஒன்று. “காலுக்குச் செருப்பு இல்லாத புள்ளைக்கு மனசுக்குப் புத்தகமாம்” என்று கூட இருந்த ஆசிரியையிடம் பொரிந்து தள்ளினேன். அவள் சிரித்துக்கொண்டே பெட்டியை ஓரமாக நகர்த்தினாள்.

அப்புறம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தேன். படங்களில் இருந்த பிள்ளைகளுக்குத் தனி அறை இருந்தது, சோபா இருந்தது, கட்டிலுக்குக் கீழே நாய் படுத்திருந்தது. இதெல்லாம் நம் பிள்ளைகளுக்கு எங்கே ஒட்டப் போகிறது என்று நினைத்தேன். ஆனால் கையில் கொடுத்தபோது பிள்ளைகள் சோபாவையும் நாயையும் கண்டுகொள்ளவே இல்லை. அழுகிற முகம் வந்த பக்கத்தில் நின்றுவிட்டார்கள். ஒரு வாண்டு அந்தக் கண்ணீரை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு விரலை முகர்ந்தது. எழுதியவர்களுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்று அப்போதுதான் ஒத்துக்கொண்டேன்.

அதில் ஒன்று நீல அட்டை போட்ட மெலிந்த புத்தகம். ஒரு சிறுமியின் அம்மா படுக்கையை விட்டு எழுந்திருக்கவே மாட்டாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பாள். தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதால்தான் அம்மா இப்படி ஆகிவிட்டாள் என்று சிறுமி நினைத்துக்கொள்வாள். இது உன்னால் வந்ததில்லை, இது ஒரு நோய், இதைச் சிறு பிள்ளை தனியாகச் சுமக்கக் கூடாது என்று கதை சொல்லும். கடைசிப் பக்கத்தைக் கோடு மட்டும் போட்டு வெறுமையாக விட்டிருந்தார்கள். உன் மனதில் பாரமாக இருப்பதை இங்கே எழுது, நீ நம்பும் பெரியவர் ஒருவரிடம் காட்டு என்று மேலே இரண்டு வரி இருந்தது.

மலைக்குக் கீழே நடந்த ஆசிரியர் பயிற்சியில், பிள்ளைகள் எழுதட்டும், கிறுக்கட்டும், கிழித்தால்கூடப் பரவாயில்லை என்றுதான் சொன்னார்கள். ஆனால் பெட்டியோடு வந்த படிவத்தில், புத்தகங்கள் சேதமின்றிப் பராமரிக்கப்பட வேண்டும், ஆய்வின்போது காட்டப்பட வேண்டும் என்று இருந்தது. எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. பயிற்சியில் சொன்னதைக் கேட்டு நடந்து யாரும் பாராட்டு வாங்கியதில்லை. ஆய்வில் மாட்டி மெமோ வாங்கியவர்கள் உண்டு. நான் எல்லாப் புத்தகத்துக்கும் கண்ணாடித் தாளில் உறை போட்டேன், எண் எழுதினேன், பீரோவில் வைத்துப் பூட்டினேன். வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியடுக்கு மட்டும் திறப்பேன். வாங்குகிற பிள்ளை என் கையில்தான் திருப்பித் தர வேண்டும். மனசு சரியில்லாத பிள்ளை வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று அதற்கு அர்த்தம். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

ஐந்தாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். பத்து வயது. ஒன்றாம் வகுப்பிலிருந்தே என்னிடம் படித்தவள். அவள் அம்மாவை எனக்கு நன்றாகத் தெரியும். பெற்றோர் கூட்டத்துக்கு முதல் ஆளாக வந்து, “எம்புள்ளய நல்லா அடிச்சுப் படிக்க வைங்க டீச்சர், ஆனா அழ வெச்சுப்புடாதீங்க” என்று சிரிக்க வைப்பாள். முந்தைய ஆடியில் அவளுக்கு இரண்டாவது குழந்தை பிறந்து நான்காம் நாள் இறந்துபோனது. அதற்குப் பிறகு அவள் வாசலுக்கு வரவில்லை. தலை வாருவதில்லை, சாப்பாட்டைப் பிசைந்து வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பாள். காத்து பட்டிருக்கிறது என்று கயிறு மந்திரித்துக் கட்டினார்கள். நர்ஸ் சத்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போனாள். நான் மட்டும் என்ன கிழித்தேன்? ஒரு தடவை போய், நாலு மாதம் போனால் சரியாகிவிடும், வேலையில் மனதை வை என்று புத்தி சொல்லிவிட்டு வந்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

அது மிளகு பறிக்கிற பருவம். அப்பன் விடிந்ததும் ஏணியைத் தூக்கிக்கொண்டு மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களுக்குப் போனால் பொழுது சாயத்தான் வருவான். பிள்ளை வாரத்தில் மூன்று நாள் பள்ளிக்கு வரமாட்டாள். அம்மாவைச் சாக்கு வைத்துக்கொண்டு வீட்டில் இருக்கிறாள் என்று அப்பன் சலித்துக்கொண்டான். நானும் அதை நம்பினேன். உண்மை வேறு. தான் இல்லாமல் போய்விடப் போவதாக அம்மாவே அவளிடம் சொல்லியிருந்தாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியமும் வாங்கியிருந்தாள். தான் கண்ணை எடுத்தால் அம்மா செத்துப்போவாள் என்று அந்தப் பிள்ளை வாசற்படியில் காவல் உட்கார்ந்திருந்தாள். அந்த மலையில் இது தெரிந்த உயிர் அவள் ஒருத்திதான். வாயால் சொல்லக் கூடாது. எழுதினால் சத்தியம் போகாது அல்லவா? புத்தகமே எழுதச் சொல்கிறது.

மாசி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் நீல அட்டைப் புத்தகத்தை என் மேஜைக்குக் கொண்டுவந்தாள். மூடித் தரவில்லை, கடைசிப் பக்கத்தைத் திறந்து என் பக்கம் திருப்பி நீட்டினாள். எனக்கு அப்போது காதில் போன். திங்கட்கிழமை ஆய்வுக்கு வருகிறார்கள் என்று அந்தப் பக்கம் யாரோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். பக்கம் முழுக்கப் பென்சில் எழுத்து. ஐயோ, புத்தகத்தில் கிறுக்கிவிட்டாளே என்ற ஒரே நினைப்புதான். மேஜையில் கிடந்த ரப்பரை எடுத்து மேலிருந்து கீழ்வரை அழித்தேன். துகளை ஊதினேன். “செரி கண்ணு, போ” என்று கன்னத்தில் தட்டி அனுப்பிவிட்டு, புத்தகத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

எங்கள் பள்ளியில் சின்ன வகுப்புக்கு இன்றைக்கும் சிலேட்டுதான். பிள்ளைகள் எழுதிக்கொண்டு வந்து நீட்டுவார்கள். நான் பார்ப்பேன், உள்ளங்கையால் அழிப்பேன், “செரி கண்ணு, போ” என்பேன். அழித்துவிட்டால் டீச்சர் பார்த்தாகிவிட்டது, இனி கவலையில்லை என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். தப்பாக இருந்தால் அழிக்க மாட்டேன், திருத்தச் சொல்லி அப்படியே திருப்பிக் கொடுப்பேன். இருபத்தைந்து வருடப் பழக்கம் அது. அந்தப் பிள்ளைக்கு அதைப் பழக்கியதே நான்தான்.

அடுத்த திங்கட்கிழமையிலிருந்து அவள் ஒரு நாள் விடாமல் பள்ளிக்கு வந்தாள். தலை வாரி, நெற்றியில் பொட்டு வைத்து வந்தாள். மதியம் இரண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கினாள். விளையாட்டில் சத்தம் போட்டாள். எனக்கு ஒரே பெருமை. ஆய்வுக்கு வந்தவர் டீ குடித்துவிட்டு, பூட்டிய பீரோவைப் பார்த்தே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். ஒரு புத்தகத்தைக்கூடத் திறக்கச் சொல்லவில்லை. அந்த வாரம் கீழே நடந்த கூட்டத்தில் எழுந்து பேசினேன். இந்தப் புத்தகங்கள் வந்த பிறகு, பள்ளிக்கே வராத பெண் ஒருத்தி தினமும் வருகிறாள் என்றேன். கைதட்டினார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்குச் சிரிப்பாகக்கூட வந்தது, அவ்வளவு சந்தோஷம்.

அவள் தொடர்ந்து வர ஆரம்பித்துப் பன்னிரண்டாம் நாள், பதினோரு மணி வாக்கில், பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்து வகுப்பு வாசலில் நின்றாள். பிள்ளையின் பெயரைச் சொல்லி அழைத்தாள், குரல் சரியாக வரவில்லை. பிள்ளை எழுந்து நின்றாள். வாசலைப் பார்க்கவில்லை, திரும்பி என்னைப் பார்த்தாள். நீங்கள் இருக்கிறீர்களே, அப்புறம் எப்படி என்பது போன்ற பார்வை. எனக்கு அப்போது ஒன்றும் விளங்கவில்லை. அதற்குள் அவள் ஓடிவிட்டாள்.

அம்மா போய்விட்டாள். எப்படி என்பதை நான் எழுதப் போவதில்லை. அது அவளுக்கும் அவள் வீட்டுக்கும் உரியது.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள்தான் அந்தப் பார்வை என்னைப் பீரோவைத் திறக்க வைத்தது. ஆய்வு வருகிறதே என்று நான் படிக்காமல் அழித்த பக்கம் அதற்குள் மனதைக் குடைய ஆரம்பித்திருந்தது. பிள்ளைகள் பென்சிலை அழுத்தி எழுதுவார்கள், அழித்தாலும் தடம் இருக்கும். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பக்கத்தைச் சாய்த்துப் பிடித்தேன். எழுத்து எழுந்து வந்தது. “டீச்சர் எங்கம்மா செத்துப்போறேன்னு சொல்லுது. நான் பள்ளிக்கூடம் வந்தா ஊட்ல தனியா இருக்கு. யார்கிட்டயும் சொல்லகூடாதுனு சத்தியம் வாங்கிருச்சு. நீங்க வந்து பாத்துக்குவீங்களா.” அதற்குக் கீழே கோடு போட்டுத் தன் பெயரும் வகுப்பும் எழுதியிருந்தாள், பரீட்சைத் தாளில் எழுதுவது போல. பாவி, பாவி என்று என்னையே அறைந்துகொண்டேன். கூட இருந்த ஆசிரியை கையைப் பிடித்துத் தடுத்தாள். அவளிடம் பக்கத்தைக் காட்டினேன். படித்துவிட்டு அவள் புத்தகத்தை மூடி என் கையில் வைத்தாள்.

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. டீச்சர் பார்த்துவிட்டார், இனி யாரையாவது வைத்தாவது டீச்சர் பார்த்துக்கொள்வார் என்று நம்பித்தான் அவள் காவலை விட்டிருக்கிறாள். பொட்டு வைத்துக்கொண்டு வந்தது அதனால்தான். இரண்டாம் தடவை சோறு வாங்கியது அதனால்தான். நான் கைதட்டு வாங்கியதும் அதனால்தான்.

கருமாதி முடிந்து அவள் பள்ளிக்கு வந்தாள். மற்ற பிள்ளைகள் போகும்வரை காத்திருந்து மேஜையருகே வந்து நின்றாள். முகம் சுருங்கி, பெரிய மனுஷி போல ஆகியிருந்தாள்.

“டீச்சர், நான் எழுதுனத நீங்க பாத்தீங்கதானுங்க?”

இந்தக் கேள்வி வரும் என்று பல நாளாக எனக்குத் தெரியும். பதிலை எத்தனையோ தடவை புரட்டிப் பார்த்திருந்தேன். இல்லை கண்ணு, நான் படிக்கவே இல்லை என்பதுதான் உண்மை. அதைச் சொன்னால் என் பாரம் கொஞ்சம் குறையும். போன் வந்தது, ஆய்வு இருந்தது, தெரியாமல் நடந்தது என்று யாரும் என்னை மன்னிப்பார்கள். ஆனால் அவளுக்கு? யாரும் படிக்காத ஒன்றை நம்பி, அம்மாவைத் தனியாக விட்டுவிட்டு நாம்தான் விளையாடப் போனோம் என்று ஆயுசு முழுக்கத் தன்னையே தின்பாள். அந்தப் புத்தகத்தில் அச்சடித்திருந்த வரியை, இது உன்னால் வந்ததில்லை என்பதை, அப்புறம் எந்தப் புத்தகம் சொன்னாலும் நம்ப மாட்டாள்.

“பாத்தேன் சாமி” என்றேன். “படிச்சேன். வந்திருக்கோணும், வரல. அது என் தப்பு. நீ செய்ய வேண்டியத செஞ்சுட்ட. உன் மேல ஒரு தப்பும் இல்ல.”

அவள் அழவில்லை. “படிச்சுட்டுமா சும்மா இருந்தீங்க?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள், பிள்ளை சொல்லக் கேட்டு, அப்பன் வந்தான். என்னிடம் எப்போதும் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு பேசுகிற மனிதன், பிள்ளைகள் எல்லாம் பார்க்க, வாய்க்கு வந்ததைச் சொன்னான். என் பெண்டாட்டியைக் கொன்றவள் என்றான். கூட இருந்த ஆசிரியை உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள். நான் அவள் கையை அழுத்திப் பிடித்தேன். அப்பனிடம் சொன்னால் அது பிள்ளை காதுக்குப் போகும். ஊரில் பாதிப் பேர் இன்றைக்கும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நடந்ததை மேலதிகாரிகளுக்கு எழுதிக் கொடுத்தேன். படிக்காமல் அழித்தேன் என்றுதான் அதில் எழுதினேன். விளக்கம் கேட்டார்கள், கொடுத்தேன். என்ன தண்டனை வந்தாலும் சரி என்று இருந்தேன். ஒன்றும் வரவில்லை.

பீரோவை இப்போது பூட்டுவதில்லை. புத்தகங்கள் தரையில் கிடக்கின்றன, பாதி கிழிந்துவிட்டது, பக்கமெல்லாம் கிறுக்கல். ஒவ்வொரு கிறுக்கலையும் தினமும் படிக்கிறேன். பெரும்பாலும் பூ, ஆடு, கெட்ட வார்த்தை. இதையெல்லாம் சொல்லி நல்ல பெயர் வாங்க எனக்கு ஆசையில்லை. செத்தவள் செத்தவள்தான்.

பெண் இப்போது விடுதியில் தங்கிப் படிக்கிறாள். நன்றாகச் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள் என்று அங்கிருப்பவர்கள் சொன்னார்கள். போன மாதம் விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது மலையடிவாரத்துக் காரவள்ளியில் நானிருந்த பஸ்ஸில் ஏறினாள். வளர்ந்திருந்தாள். கையில் கனமான பெட்டி. பஸ்ஸில் ஒரே ஓர் இடம்தான் காலியாக இருந்தது, என் பக்கத்து இடம். கண்டக்டர், “உக்காரு பாப்பா, மேல போற வரைக்கும் நிக்க முடியாது” என்று இரண்டு தடவை சொன்னார். அவள் கேட்காதது போல வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். மலைப்பாதையின் எழுபது வளைவும் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே வந்தாள். நான் கூப்பிடவில்லை.