ஒன்பது நிறுத்தம், இரண்டு மணி ஐம்பது நிமிடம்

என் வீட்டுக்காரரை டெப்போவில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘நிமிஷம்’ என்றால்தான் தெரியும். பஸ் நிலையத்தின் நடுவில் கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறை. உள்ளே ஒரு மைக், ஒரு விசில், தலையணை கனத்துக்கு ஒரு பதிவேடு. எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று எழுதுகிற டைம்கீப்பர் வேலை. முப்பத்தொரு வருடமாக அதுதான் அவர் உலகம். இரண்டு நிமிடம் தாமதமாக வந்த டிரைவர் அவரிடம் சிக்கினால் அன்றைக்குத் தொலைந்தான். பஸ்களுக்கு நேர அட்டவணை போடுவதும் அவர்தான். எந்த நிறுத்தத்திலிருந்து எந்த நிறுத்தத்துக்கு எத்தனை நிமிடம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

வீட்டிலும் அதே கூத்துதான். குளியலுக்கு ஏழு நிமிடம், பேப்பருக்குப் பன்னிரண்டு. டெப்போவுக்கு எதிரே நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு ரோட்டைக் கடந்து போவேன். ஒன்று ஐந்துக்குப் பதிலாக ஒன்று பத்து ஆகிவிட்டால், என் பேரையும் பதிவேட்டில் ஏற்றிவிடுவாரோ என்று இருக்கும்.

இப்படி ஊருக்கெல்லாம் நேரம் பார்க்கிற மனுஷன், பெற்ற பெண்ணின் விஷயத்தில் ஒன்றுக்காவது நேரத்துக்குப் போனாரா என்றால், இல்லை. பள்ளிக்கூட விழாவா, டியூட்டி. கல்லூரியில் பட்டம் வாங்குகிறாளா, அன்றைக்கு டிரைவர்கள் பாதிப் பேர் வரவில்லை. அவள் வேலை கிடைத்து வெளிநாட்டுக்குக் கிளம்பிய அன்று இவர் டெப்போவிலிருந்து ஓடி வந்தபோது டாக்ஸி தெருமுனை திரும்பிக்கொண்டிருந்தது. அவள் வண்டியை நிறுத்தச் சொல்லிக் கண்ணாடியை இறக்கினாள்.

“ஊர் பஸ்ஸ எல்லாம் டைமுக்கு அனுப்புனீங்க. என்னோட ஒரு விஷயத்துக்காவது டைமுக்கு வந்திருக்கீங்களாப்பா?”

அவ்வளவுதான் கேட்டாள். இவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. இரண்டு வருடம் அப்பாவும் பெண்ணும் பேசவில்லை. அவள் என்னோடு பேசுவாள். இவர் பக்கத்து அறையில் பேப்பரை மூஞ்சிக்கு நேரே பிடித்துக்கொண்டு காதை மட்டும் இந்தப் பக்கம் வைத்திருப்பார். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஜென்மம்.

போன வருடக் கடைசியில் அவள் சொன்னாள், கூட வேலை பார்க்கிற பையனைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று. நல்ல பையன், நானும் போனில் பேசியிருக்கிறேன். பதிவு அலுவலகத்தில் ஒரு புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள் என்றாள். விழா, கும்பல் எதுவும் கிடையாது. ஆளுக்கொரு கையெழுத்து, ஒரு சாட்சி.

“அப்பா வந்து சாட்சி போடுவாராம்மா?” என்று கேட்டாள்.

நான் இவரைப் பார்த்தேன். இவர் பேப்பரைத் திருப்பினார். அன்று சாயங்காலம் நான் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தபோது சமையலறை வாசலில் வந்து நின்றார்.

“ஒம்பது நாள் லீவு எழுதிக் கொடுத்துட்டேன். அவகிட்ட சொல்லக் கூடாது. பதினோரு மணின்னா பத்தே முக்காலுக்கு நான் அந்த ஆபீஸ் வாசல்ல நிக்கணும். அவ வந்து பார்க்கணும்.”

“முன்னாடியே சொன்னா என்னங்க குறைஞ்சு போகுது? எப்படி வர்றது, எதுல வர்றதுன்னு அவளையே கேக்கலாமே.”

“போக்குவரத்தப் பத்தி எனக்கு இன்னொருத்தர் சொல்லணுமா?”

அதற்கு மேல் நான் என்ன பேச. மறுவாரம் அவள் போன் செய்தபோது, அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லையாம் என்று சொன்னேன். “சரிம்மா” என்றாள். குரல் அப்படியே வற்றிப்போனது. என் நாக்கை அறுத்துப் போட வேண்டும்.

இவர் திட்டம் போட ஆரம்பித்தார். எங்கள் ஊரிலிருந்து அந்த நாட்டுக்கு ஒரு பெரிய நகரம் வரைதான் விமானம். ஞாயிறு போய் இறங்குவது. இவ்வளவு தூரம் போய்விட்டு ஒன்றையும் பார்க்காமல் வருவானேன் என்று திங்கள் ஏரி, செவ்வாய் அரண்மனை. புதன் காலை ஆறு இருபதுக்கு ரயில் ஏறினால் ஒன்பது பத்துக்கு மகள் ஊர். வெள்ளி ராத்திரி அதே பெரிய நகரத்திலிருந்து திரும்பி விமானம், ஞாயிறு காலை டியூட்டி. அந்த ஞாயிற்றுக்கிழமைதான் இவர் ஆறு மாதம் உட்கார்ந்து போட்ட புது அட்டவணை அமலுக்கு வருகிறது. மேனேஜர், “நிமிஷம், நீங்க அன்னிக்கு இல்லன்னா உங்க வேலைக்கு நான் உத்தரவாதம் இல்ல” என்று சொல்லித்தான் லீவில் கையெழுத்தே போட்டார்.

அந்த ரயில் பாதையின் படத்தை நெட்டிலிருந்து எடுத்து என் கடையில் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். நேர்கோடு, அதில் சம தூரத்தில் புள்ளிகள். நம் பஸ்ஸுக்குள் ஒட்டியிருக்குமே, அதே மாதிரி. எண்ணிப் பார்த்தார்.

“ஒம்பது ஸ்டாப். ரெண்டு மணி அம்பது நிமிஷம். ஒரு ஸ்டாப்புக்குப் பத்தொம்பது நிமிஷம் கூட ஆகல. கச்சிதமா வருது பார்.”

பஸ்ஸுக்குள் ஒட்டுகிற அந்தப் படத்தை வரைபவரே இவர்தான். அடுத்தடுத்த தெரு நிறுத்தமும் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து நிறுத்தமும் அதில் ஒரே இடைவெளியில்தான் இருக்கும். அது அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் கணக்கு கச்சிதமாக வந்துவிட்டால் அப்புறம் அவருக்குக் கண் தெரியாது. டிக்கெட்டில் போய்ச் சேரும் தேதியும் பொடி எழுத்தில் இருந்தது. முப்பத்தொரு வருடம் அவர் போட்ட அட்டவணையில் எந்த பஸ்ஸும் ஒரு நாளிலிருந்து இன்னொரு நாளுக்குள் போனதில்லை. மணியைத்தான் பார்த்தார், தேதியைப் பார்க்கவில்லை. அதே டிக்கெட்டை நான்கு காப்பி எடுத்து லேமினேட் போட்ட மகராசி நான். நானும் பார்க்கவில்லை.

ஞாயிறு போய் இறங்கினோம். திங்கள்கிழமையே எங்களுக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். இவர் திட்டத்தில், ‘ஏரியைச் சுற்றி நடத்தல்: 35 நிமிடம்’ என்று இருந்தது. கரையில் போய் நின்றோம். எதிர்க்கரையே இல்லை. வெறும் தண்ணீர், அதற்கு மேல் வானம். படகுத்துறையில் டிக்கெட் கிழிக்கிற ஆளிடம் அந்தத் தாளைக் காட்டினார். அந்த ஆள் படித்தான், பக்கத்தில் இருந்தவனைக் கூப்பிட்டுக் காட்டினான். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் எனக்கே அவமானமாகிவிட்டது. காரில் சுற்றினாலே நாலு நாள் ஆகுமாம்.

“ஏரி பெருசு. அதுக்கு என்ன இப்ப?” என்றார் இவர்.

அரண்மனையிலும் அதே கதை. நாற்பது நிமிடம் போட்டிருந்தார். நாற்பது நிமிடத்தில் நாங்கள் செருப்பு வைக்கிற கூடத்தைக்கூடத் தாண்டவில்லை.

புதன் காலை ரயில் சரியாக ஆறு இருபதுக்குக் கிளம்பியது. இவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. எங்கள் எதிர் இருக்கையில் ஒரு டீச்சரம்மா, தடித்த கண்ணாடி போட்டவர். ஏறினதும் செருப்பைக் கழற்றி வீட்டுச் செருப்புக்கு மாறினார். தலையணை எடுத்தார், சீப்பு, சோப்பு, ஊறுகாய் பாட்டில் கணக்கில் என்னென்னவோ பாட்டில்களை ஜன்னலோரம் அடுக்கினார். கண்டக்டர் பெண் வந்து ஆளுக்கு இரண்டு படுக்கை விரிப்பு கொடுத்துவிட்டுப் போனாள்.

“மூணு மணி நேரத்துக்கு இந்த ஊர்க்காரங்க பண்ற அலப்பறையப் பாரேன்” என்று இவர் என் காதில் கிசுகிசுத்தார்.

ஜன்னலுக்கு வெளியே புல்வெளி. ஒரு மணி நேரம் ஆயிற்று, அதே புல்வெளி. ஏழே முக்கால், எட்டரை. ஒரு நிறுத்தம்கூட வரவில்லை. இவர் மூன்று தடவை வாட்சைக் காதில் வைத்துப் பார்த்தார். எட்டு ஐம்பதுக்குக் கழிவறைக்குப் போய், தேய்த்து மடித்துக் கொண்டுவந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையை வாரிக்கொண்டு, பெட்டி இரண்டையும் கதவோரம் கொண்டுபோய் வைத்துக்கொண்டு நின்றார். நான் பின்னால் நின்றேன்.

கண்டக்டர் பெண் வந்தாள். எங்கே இறங்கப் போகிறீர்கள் என்று சைகையில் கேட்டாள். இவர் டிக்கெட்டை நீட்டி, வாட்சில் ஒன்பது பத்தைத் தொட்டுக் காட்டினார். அவள் தலையை ஆட்டினாள், ஆமாம், ஒன்பது பத்து. அப்புறம் இரண்டு விரலைக் காட்டினாள். இவர் இரண்டாவது பிளாட்பாரம் என்று நினைத்துத் தலையை ஆட்டினார். அவள் எங்களை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போய் அந்த டீச்சரம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவருக்குக் கொஞ்சம் ஆங்கிலம் வந்தது. டிக்கெட்டை வாங்கிப் பார்த்து மெதுவாகச் சொன்னார்.

“ஒன்பது பத்துதான். ஆனால் இன்றைக்கு இல்லை. வெள்ளிக்கிழமை.”

எனக்குக் காலுக்குக் கீழே ரயில் ஓடுவது நின்றுவிட்டாற்போல் இருந்தது. இவர் பேயறைந்தாற்போல் நின்றார். டிக்கெட்டைத் திரும்ப வாங்கி அந்தப் பொடி எழுத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

“என்னங்க, ரெண்டு நாளா? ரெண்டு நாளாங்க?”

ஒரே நாட்டுக்குள், ஒரே ரயிலில், ஒன்பது நிறுத்தத்துக்கு இரண்டு நாள் ஆகும் என்று எந்தப் புத்தி யோசிக்கும்? எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போனை எடுத்தேன். சிக்னல் இல்லை. புல்வெளிக்கு எவன் டவர் வைப்பான். ஆத்திரத்தில் வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

“அவளக் கேளுங்க, அவளக் கேளுங்கன்னு தலையால அடிச்சுக்கிட்டேனே. கேட்டா உங்க கிரீடம் இறங்கிடுமா?”

நான் இப்படிப் பேசினால் வழக்கமாக ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுப்பார். அன்றைக்கு அந்த வெள்ளைச் சட்டையின் பொத்தானைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தார். எனக்கே பாவமாகப் போய்விட்டது.

டீச்சரம்மாதான் யோசனை சொன்னார். முதல் நிறுத்தம் பத்தரைக்கு வரும். அங்கே டவர் உண்டு. எதிர்ப்பக்கம் போகிற ரயிலும் அங்கேதான் கிராசிங்குக்கு நிற்கும். அதில் ஏறினால் மத்தியானமே திரும்பப் போய்விடலாம், வெள்ளிக்கிழமை விமானத்தைப் பிடிக்கலாம். விட்டால் வேறு வழி இல்லை.

இவர் வாட்சைப் பார்த்தார். “பதினோரு மணிக்குள்ள போன்லயாவது இருப்பேன். கையெழுத்துப் போடும்போது என் குரல் அவ காதுல விழட்டும். அப்புறம் இறங்கித் திரும்பிடலாம். கல்யாணமும் முடிஞ்சுடும், வெள்ளிக்கிழமை அங்க போய் நின்னு என்ன பண்ண? டியூட்டியாவது மிஞ்சட்டும்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் வேலை போனால் சாகிற வரை என் ஜெராக்ஸ் கடையைத்தான் நம்பியிருக்க வேண்டும். அதையும் நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

பத்து முப்பத்தைந்துக்கு வண்டி நின்றது. இவர் பெட்டி இரண்டையும் இறக்கிப் பிளாட்பாரத்தில் வைத்தார். அந்தப் பக்கம் திரும்பிப் போகிற ரயில் நின்றுகொண்டிருந்தது. போனில் சிக்னல் வந்தது. இரண்டு வருடம் கழித்து இவர் கையாலேயே அவள் நம்பரைப் போட்டார். ஸ்பீக்கரில் போட்டு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“நான்தாம்மா. அப்பா. இன்னும் இருபத்தஞ்சு நிமிஷம் இருக்குல்ல?”

“எதுக்குப்பா?”

“பதினோரு மணிக்கு. கையெழுத்து.”

“முடிஞ்சுடுச்சேப்பா. இங்க மணி பன்னண்டு முப்பத்தேழு ஆகுது.”

இவர் வாட்சைப் பார்த்தார். பத்து முப்பத்தேழு. என்னைப் பார்த்தார். நான் பிளாட்பாரத்துக் கடிகாரத்தைப் பார்த்தேன், அதுவும் பத்து முப்பத்தேழுதான். ஒரே நாட்டுக்குள் இரண்டு ஊருக்கு இரண்டு மணி நேர வித்தியாசம் இருக்கும் என்று ஒரு டைம்கீப்பர் கனவு கண்டாரா?

“நீங்க எங்கிருந்துப்பா பேசறீங்க? ரயில் சத்தம் கேக்குது.”

“உன் ஊருக்கு வர்ற ரயில்லதாம்மா. இந்த நாட்டுலதான் இருக்கேன். நாலு நாளா.”

“இங்கயா? அம்மா லீவு கிடைக்கலன்னுதானே சொன்னா.” குரல் நடுங்கியது. “ஏன்ப்பா சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வந்து கூட்டிட்டு வந்திருப்பேனே.”

“உனக்கு முன்னாடி வந்து வாசல்ல நிக்கணும்னு நெனச்சேம்மா.”

“வாசல்ல நின்ன காவல்காரரத்தான் கூப்பிட்டு சாட்சிக் கையெழுத்து வாங்குனோம். அவர் பேர்கூட எனக்குத் தெரியாது.”

இவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. இத்தனை வருடத்தில் நான் பார்த்ததில்லை. அவள்தான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சமாதானமாகப் பேசினாள். “பரவால்லப்பா. எனக்கு இது பழக்கந்தானே. வீணா அலையாதீங்க. டியூட்டி இருக்கும், ஊருக்குக் கிளம்புங்க.”

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பார். அவள் அக்கறையாகச் சொன்னாள். அப்போது எதிர் ரயில் விசில் ஊதியது. நாங்கள் வந்த ரயிலும் ஊதியது. இவர் போனை என் கையில் திணித்துவிட்டு இரண்டு பெட்டியையும் தூக்கினார்.

“ஹலோ, அப்பா? அம்மா, நீ இருக்கியா? அப்பா என்ன பண்றார்?”

“பெட்டிய ரயில்ல ஏத்துறார்டி.”

“எந்தப் பக்கம் போற ரயில்லம்மா?” என்று கேட்டாள்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். இவர் பெட்டிகளை நாங்கள் இறங்கின ரயிலுக்குள்ளேயே தள்ளிவிட்டு, படியில் நின்று எனக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தார்.

“உன் பக்கம் வர்ற ரயில்லதான்டி” என்றேன்.