தோற்றவர் எழுந்திருக்க வேண்டும்

முதன்முதலாக அந்த ஜாய்ஸ்டிக் என் கைக்கு வந்தபோது அது இன்னொருவருடைய வியர்வையில் ஊறியிருந்தது. ரப்பர் உரிந்துபோன குமிழில் கட்டைவிரலை வைத்ததும் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டது. தேங்காயெண்ணெயும் பஜ்ஜி எண்ணெயும் யாரோ வாசலில் பிடித்துவிட்டு வந்த சிகரெட்டும் கலந்த ஒரு வாடை அதிலிருந்து எழுந்து, வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கழுவிய பிறகும் விரல்களை விட்டுப் போகாமல் இருந்தது. காரைக்கால் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த அந்தக் "கேம் கடை"யைப் பற்றி, அங்கே பழகிய பையன்கள் இப்போது வாட்ஸ்அப் குழுவில் "அதெல்லாம் ஒரு காலம்" என்று உருகி உருகி எழுதுகிறார்கள். என் தம்பி அவற்றை எனக்கு அனுப்பிவைக்கிறான். எனக்கு உருக்கம் வருவதில்லை. அந்த அறையை நான் வெறுத்தேன். இத்தனை ஆண்டுகள் கழித்து நிதானமாக எண்ணிப் பார்த்தும் அந்த வெறுப்பில் குறைத்துக்கொள்ள வேண்டிய பகுதி எதுவும் எனக்குத் தென்படவில்லை.

ஒன்பதாம் வகுப்பு முடிந்த மே மாதம் அது. கோட்டுச்சேரியிலிருந்து நானும் தம்பி பிரபுவும் டியூஷனுக்காக நகரத்துக்கு வருவோம். டியூஷன் முடிந்ததும் அவன் கேம் கடைக்கு ஓடுவான். "தம்பிய ஒரு கண்ணு பாத்துக்க" என்ற அம்மாவின் ஆணையைச் சுமந்துகொண்டு நான் பின்னால் போவேன். கடைக்காரர் ஆரோக்கியம் அண்ணனின் மூத்த சகோதரர் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றுப் பாரிசில் இருந்தார். அவர் கொண்டுவந்து கொடுத்த கருவிகளை வைத்துத்தான் கடையே தொடங்கியது. ஒரு பழைய தொலைக்காட்சி, அதன் முன்னால் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள், திரையில் இரண்டு வீரர்கள் ஒருவரையொருவர் அடித்து வீழ்த்தும் சண்டை விளையாட்டு. அறை சிறியது என்பதால் வரிசையில் இல்லாதவர்கள் வெளியே நிற்க வேண்டும் என்பது அண்ணனின் கண்டிப்பு. அக்கினி நட்சத்திர வெயிலில், தார் இளகிக் கிடந்த அந்தச் சந்தில், ஒரு மின்கம்பத்தின் நிழலில் ஒட்டிக்கொண்டு நான் நிற்பேன். போகிற வருகிறவர்கள் எல்லாம் ஒரு முறை பார்த்துவிட்டுப் போவார்கள்.

கடைக்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது. தோற்றவன் எழுந்திருக்க வேண்டும்; வென்றவன் உட்கார்ந்திருப்பான்; வரிசையில் அடுத்தவன் எதிர் நாற்காலிக்கு வருவான். வென்றுகொண்டே இருப்பவனை யாராலும் எழுப்ப முடியாது. வெயிலில் நின்று அந்தச் சட்டத்தைக் கேட்டுக் கேட்டு, அதில் ஆண் பெண் என்ற சொல் எங்கும் இல்லை என்பதை நான் கண்டுகொண்டேன். நிழலும் மின்விசிறியும் உட்கார ஓர் இடமும் வேண்டுமென்றால் அதற்கு வழி ஒன்றுதான்: தோற்காமல் இருப்பது.

வரிசையில் நின்றேன். முதல் நாளே அறை எனக்குப் பெயர் வைத்துவிட்டது.

"டீச்சரம்மா வந்துட்டாங்க, எல்லாரும் எந்திரிங்கடா!"

"எந்திரிக்க வேணாம்டா. இப்ப அவங்களே எந்திரிச்சிருவாங்க பாரு."

எழுந்தேன். மறுநாளும் எழுந்தேன். உட்கார்ந்த சூடு நாற்காலியில் ஏறுவதற்குள் என் வீரன் தரையில் கிடப்பான். திருமலைராயன்பட்டினத்திலிருந்து டியூஷனுக்கு வந்த என் தோழி ஜெசிமாவையும் துணைக்கு அழைத்துப்போனேன். அவள் குனிந்து உட்கார்ந்தபோது பின்னாலிருந்து ஒருவன் சொன்ன சொல்லை இங்கே எழுத மாட்டேன். அறை முழுக்கச் சிரித்தது. அவள் ஜாய்ஸ்டிக்கை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனாள். டியூஷனில்கூட அந்தப் பேச்சை அதன் பிறகு அவள் எடுக்கவில்லை.

அந்த அறையின் அரசன் குமரேசன். திருநள்ளாற்றில் விடுதி நடத்தும் குடும்பம். எங்களைவிட இரண்டு மூன்று வயது மூத்தவன். அவனை எல்லாரும் "அண்ணே" என்றுதான் அழைப்பார்கள். நான் அழைக்கவில்லை. அதை அவன் கவனித்தான் என்பதும் எனக்குத் தெரியும்.

எங்கள் வீட்டில் ஒரு பழமொழி உண்டு: "வலுச் சண்டைக்குப் போகக் கூடாது, வந்த சண்டைய விடக் கூடாது." வீட்டுப் பெரியவர்கள் முதல் பாதியை என்னிடமும் இரண்டாம் பாதியைத் தம்பியிடமும் சொல்வார்கள். அந்த மே மாதத்தில் நான் தம்பியின் பாதியை எடுத்துக்கொண்டேன்.

அந்த விளையாட்டை அங்கே யாரும் கற்றதில்லை என்பது எனக்குத் தற்செயலாகத்தான் தெரியவந்தது. பாரிசிலிருந்து வந்த கருவி என்பதால் திரையில் வரும் எழுத்தெல்லாம் பிரெஞ்சில் இருக்கும். பையன்கள் இரண்டாவது வரியை மட்டும் அழுத்துவார்கள். அது இருவர் ஆட்டம். அதற்குக் கீழே இருந்தவற்றை யாரும் தொட்டதே இல்லை. எப்போதோ ஒருவன் எதையோ அழுத்தி, சேமித்துவைத்த ஆட்டமெல்லாம் அழிந்துபோனதாம். அதிலிருந்து கீழ் வரிகள் எல்லாம் தீண்டத் தகாதவை ஆகிவிட்டன. பள்ளியில் நான் இரண்டாம் மொழியாகப் பிரெஞ்சு எடுத்திருந்தேன். வெயிலில் நின்றபடி கதவு வழியாகப் பார்த்தபோது மூன்றாவது வரியை என்னால் படிக்க முடிந்தது. பயிற்சி என்று எழுதியிருந்தது.

வெள்ளிக்கிழமை நண்பகலில் திருமலைராயன்பட்டினத்துப் பையன்கள் ஜும்மா தொழுகைக்குப் போய்விடுவார்கள். மற்றவர்கள் சாப்பிடப் போவார்கள். சனிக்கிழமை திருநள்ளாற்றில் கூட்டம் நெரியும். குமரேசனால் விடுதியை விட்டு நகர முடியாது. இந்த இடைவெளிகளில்தான் அறை காலியாகக் கிடக்கும். முதல் வெள்ளிக்கிழமை மூன்றாவது வரிக்கு நான் இறங்கியதும் ஆரோக்கியம் அண்ணன் கல்லாவிலிருந்து பதறினார்.

"ஏ பாப்பா, அதத் தொடாத! எல்லாம் அழிஞ்சுபோயிரும்!"

"அழியாதுண்ணே. பழகுறதுக்கு உள்ள எடம்னு போட்டிருக்கு."

"பழகுறதுக்கு என்னா இருக்கு, தட்ட வேண்டியதுதான?"

எல்லாரும் அப்படித்தான் எண்ணியிருந்தார்கள். கையில் கிடைத்த பொத்தானை வேகமாகத் தட்டுகிறவன் வெல்வான், அவ்வளவுதான். பயிற்சி அறையில் எதிராளி ஒரு பொம்மை. அதை ஒரே உதையை மீண்டும் மீண்டும் உதைக்கச் சொல்லிவிட்டு, நான் அடிக்கும் பொத்தானைத் தொடாமல் தடுத்துக்கொண்டு மட்டும் நின்றேன். எந்த உதைக்குப் பிறகு அதன் கால் தரைக்குத் திரும்பச் சற்று நேரமாகிறது, அந்த இடைவெளியில் என்னுடைய எந்தக் குத்து போய்ச் சேரும் என்று பார்த்துப் பார்த்துப் பழகினேன். என் வீரனைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு எதிராளியின் தோளைப் பார்க்கக் கற்றேன். தட்டிக்கொண்டே இருக்கும் விரலுக்கு எதுவும் தெரியாது. அடிக்காமல் காத்திருக்கும் விரலுக்குத்தான் எல்லாம் தெரியவரும். இதை நான் ஓர் உண்மையாகச் சொல்கிறேனே தவிர அறிவுரையாகச் சொல்லவில்லை.

இன்னொன்றும் கற்றேன். அதைப் பயிற்சி அறை சொல்லித் தரவில்லை. அறையின் வன்மம் சொல்லித் தந்தது. வசைபாடுகிறவன் கை ஒரே வழியில்தான் போகும். என்னைப் பற்றி ஏதாவது சொல்லிவிட்டுச் சிரிக்கிறவன் அடுத்த நொடி கட்டாயம் தாவி அடிப்பான். கீழே விழுந்து அவமானப்பட்டவன் எழும்போதே உதைத்துக்கொண்டு எழுவான். அவர்கள் பேசப் பேச நான் தடுத்தேன், தாவியபோது அடித்தேன்.

வெல்லத் தொடங்கினேன். உடனே சட்டங்களும் முளைக்கத் தொடங்கின.

குனிந்து காலை வாரி வீழ்த்தி ஒருவனை வென்றேன். "கால் வாரக் கூடாது" என்றார்கள். கிட்டே போய்ப் பிடித்துத் தூக்கிப் போட்டு இன்னொருவனை வென்றேன். "புடி செல்லாது" என்றார்கள். சரி என்று தடுத்து நின்று, எதிராளி களைத்த இடத்தில் குத்தி வென்றேன். அன்று அறையில் பெரிய விவாதமே நடந்தது.

"ஒளிஞ்சிக்கிட்டே நின்னா அது என்னாடா ஆட்டம்? மூணு எண்றதுக்குள்ள அடிக்கணும், ஆமா."

"இது எல்லாருக்கும்தானே?" என்று கேட்டேன்.

"எல்லாருக்கும்தான் டீச்சர். நாங்க என்னா ஒங்களுக்கு மட்டும் தனியாவா பரீட்ச வெக்கிறோம்?"

குமரேசன் கால் வாரியபோது யாரும் பார்க்கவில்லை. நான் ஒரு கணம் தடுத்து நின்றால் அறையே பள்ளிக்கூட வாய்ப்பாடு மாதிரி ராகம் போட்டு எண்ணியது: "ஒண்ணேய்... ரெண்டேய்..."

தடைகளைப் போட்டவர்களுக்கு ஒன்று புரியவில்லை. கால் வாரலைத் தடைசெய்தவர்கள் அதைத் தடுக்கக் கற்றுக்கொள்ளவே இல்லை. ஒவ்வொரு தடையும் அவர்களுக்குத் தெரியாத ஒன்றின் மேல் போட்ட மூடி. எனக்கோ, பொம்மையோடு உட்கார்ந்து புதிதாக ஒன்றைத் தேட வேண்டிய கட்டாயம். தேடியதில் கிடைத்தது மிக எளிய ஒன்று. எதிராளியின் கை எட்டும் தொலைவுக்கு ஒரு விரற்கடை வெளியே நிற்பது. அவன் வீசும்போது அரையடி பின்வாங்குவது. வீசிய கை வெறுங்காற்றில் நீண்டிருக்கும்போது உள்ளே போய் அடிப்பது. அது காலை வாருவது இல்லை, பிடிப்பது இல்லை, ஒளிந்து நிற்பதும் இல்லை. அதற்கு அவர்களிடம் ஒரு பெயரே இல்லாததால் அதைத் தடைசெய்யவும் அவர்களுக்குத் தெரியவில்லை.

பள்ளி திறப்பதற்கு முந்தைய வாரம், அவர்கள் போட்ட எல்லாச் சட்டங்களுக்கும் உட்பட்டு, அறை நிரம்பியிருந்த ஒரு பிற்பகலில், குமரேசனை வென்றேன். திரையில் அவன் வீரன் மல்லாந்து கிடந்தான். குமரேசன் எழுந்திருக்கவில்லை.

"செல்லாது," என்றான். "பின்னாடியே போய்ப் போய் ஆடுது. எந்திரி புள்ள."

"அது எந்த ரூலு?"

"இப்பப் போட்ட ரூலு."

சிரித்தார்கள். நான் சொன்னேன்: "தோத்தவங்கதான் எந்திரிக்கணும். எந்திரிங்க."

"மாட்டேன். என்னா பண்ணுவ?"

என்னால் செய்ய முடிந்தது ஒன்றே ஒன்று. மறு ஆட்டத்துக்கான பொத்தானை அழுத்தினேன். மீண்டும் அவனை வீழ்த்தினேன். அவன் எழவில்லை. மீண்டும் அழுத்தினேன். கோபத்தில் அவன் விரல்கள் வெறுமனே தட்டத் தொடங்கிவிட்டன. தாவினான், விழுந்தான், உதைத்துக்கொண்டு எழுந்தான், விழுந்தான். இப்போது யாரும் எண்ணவில்லை, யாரும் சிரிக்கவில்லை. என் உள்ளத்திலும் மகிழ்ச்சி என்று ஒன்றும் இல்லை. அவனை அடிக்க வேண்டும் என்ற ஒன்றைத் தவிர அப்போது எனக்குள் வேறெதுவும் இருக்கவில்லை.

பிரபு என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தான். "அக்கா, போதும்க்கா. வா போவலாம். அம்மா தேடும்."

"அவரு எந்திரிக்கட்டும்."

கடைசியில் அவன் எழுந்தான். ஜாய்ஸ்டிக்கை நாற்காலியின் மேல் வீசிவிட்டு, "பொட்டச்சிகூட ஒக்காந்து ஆடுற கடையில நமக்கு என்னாடா வேல?" என்று சொல்லிக்கொண்டே வெளியேறினான். அறை வரிசையோடு கலைந்து அவன் பின்னால் போனது. எதிர் நாற்காலி காலியாக இருந்தது. சட்டப்படி நான் உட்கார்ந்திருந்தேன். சட்டப்படி அடுத்தவன் வர வேண்டும். யாரும் வரவில்லை. வென்றவரை எழுப்பக் கூடாது என்று இருந்ததே தவிர, எதிரே உட்கார வேண்டிய கடமை யாருக்கும் இருக்கவில்லை. அந்தப் பொத்தலை நான் அதுவரை பார்த்திருக்கவில்லை.

ஆரோக்கியம் அண்ணன் தொலைக்காட்சியை அணைத்தார். "நீ நல்லாத்தான் ஆடுற பாப்பா, இல்லேங்கல. ஆனா நாளைக்கு வராத. அவனுவ வந்தாத்தான் எனக்குக் கடை."

அவர் சொல்லை மீறி மறுநாளும் அதற்கடுத்த நாளும் போனேன். அவர் தலையைத் திருப்பிக்கொண்டார். நான் உள்ளே உட்கார்ந்திருக்க, பையன்கள் எல்லாரும் வெயிலில் மின்கம்பத்தை ஒட்டி நின்றார்கள். ஒருவனும் உள்ளே வரவில்லை. மூன்றாம் நாள் டியூஷன் வாசலில் பிரபு அழுதுகொண்டே சொன்னான்: "நீ வந்தா என்னையும் சேத்துக்க மாட்டேங்கிறானுவக்கா." என் மேல் வீசிய கல் அவன் மேல் விழுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. போவதை நிறுத்தினேன்.

இப்போது நான் சமூகப் பணியில் முதுகலை முடித்து, பள்ளி மாணவிகளுக்காக உழைக்கும் ஓர் அமைப்பில் வேலை செய்கிறேன். இந்தக் கதையைக் கேட்டவர்கள் ஒரே மாதிரி சொல்கிறார்கள்: அவர்கள் உன்னை வெறுத்ததால்தானே நீ தேர்ச்சி பெற்றாய், அதற்கு நன்றி சொல், இதையே மேடையில் சொல், பிள்ளைகளுக்கு ஊக்கமாக இருக்கும். நான் சொல்வதில்லை. அந்த வெறுப்பு ஒருத்தியைக் கூர்மையாக்கியது என்றால், அதே வெறுப்பு ஜெசிமாவை வாயடைக்கவும் செய்தது. அவள் என்னைவிட நன்றாக ஆடியிருப்பாளோ என்னவோ, யாருக்கும் தெரியாது. தெரியாமல் போனதற்கும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். மாணவிகளுக்கு விளையாட்டு அறை ஒதுக்கினால் போதும் என்று கூட்டங்களில் பேசப்படும்போதெல்லாம், அறை இருக்கட்டும், அவர்களோடு ஆட யார் வருவார்கள் என்று கேட்டு எரிச்சலை வாங்கிக்கொள்கிறேன்.

அந்தச் சந்தில் இப்போது கேம் கடை இல்லை. அந்த இடத்தில் கைப்பேசிக் கண்ணாடி ஒட்டிக் கொடுக்கிறார்கள். ஆரோக்கியம் அண்ணன் பாரிசுக்கே போய்விட்டார். ஓர் அறையில் கூடி ஆடும் வழக்கமும் போய்விட்டது; எல்லாரும் அவரவர் வீட்டிலிருந்து இணையத்தில் ஆடுகிறார்கள். நானும் ஆடுகிறேன், ஆணா பெண்ணா என்று தெரியாத ஒரு புனைபெயரில். எங்கோ இருக்கும் ஒருவன் ஆர்வத்தோடு எதிரே வருகிறான். நல்ல ஆட்டமாக இருக்கிறது. சில நாள் ஒலிவாங்கியைத் திறந்து, "நல்லா ஆடுறீங்க" என்று சொல்லிவிடுகிறேன். சிலர் நன்றி சொல்லித் தொடர்ந்து ஆடுகிறார்கள். சிலர் அந்தக் குரலைக் கேட்ட மாத்திரத்தில் பாதி ஆட்டத்திலேயே இணைப்பைத் துண்டித்துக்கொள்கிறார்கள். அப்போது திரை எனக்கு வெற்றி என்று அறிவிக்கிறது. அந்த அறிவிப்பு மறையும்வரை காத்திருந்து, அடுத்த எதிராளியைத் தேடச் சொல்லும் பொத்தானை அழுத்துகிறேன்.