காலண்டருக்கு நின்றவர்கள்

தொண்ணூறுகளின் நடுவில், ஓசூரில் கிணற்று மோட்டார் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியின் விற்பனைப் பிரிவில் இருந்தேன். ஊத்தங்கரை, பாரூர் பக்கத்துக் கடைக்காரர்களிடம் போனில் ஆர்டர் எடுப்பதும் புகார் கேட்பதும் என் வேலை. அந்த வருஷம் மழை இல்லை. பேங்குகள் விவசாயக் கடனை இறுக்கிப் பிடித்திருந்தன. தொழிற்பேட்டை முழுக்கவே மந்தம். பெரிய கம்பெனிகளே ஒரு ஷிஃப்டோடு நிறுத்திக்கொண்டன. எங்கள் குடோனில் விற்காத மோட்டார்கள் கூரைவரை ஏறிக் கிடந்தன.

விளம்பரத்துக்கு எவ்வளவு செலவழிப்பது என்று பேச முதலாளி என்னையும் கூப்பிட்டார். பெங்களூரில் படித்துவிட்டு வந்து, மார்க்கெட்டிங்கைக் கையில் எடுத்திருந்த அவருடைய மருமகனும் இருந்தார். முதலாளிக்கு விளம்பரத்தை அடியோடு நிறுத்திவிட ஆசை. மருமகன் ஒத்துக்கொள்ளவில்லை.

"எல்லாரும் வாய மூடிட்டு இருக்கறப்பதான் நாம பேசணும், மாமா. இப்ப விட்டா ஜனங்க நம்ம பேரையே மறந்துருவாங்க."

அதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் கடைக்காரர்கள் விளம்பரம் கேட்கவில்லை. ரிப்பேருக்கு ஆள் கேட்டார்கள், உதிரி பாகம் கேட்டார்கள். அவர்கள் எழுதிய கடிதங்களை எடுத்துப் போயிருந்தேன்.

"ஒரு மெக்கானிக்கை வண்டியோட அனுப்பி வச்சாப் போதும் சார். அதுவே நமக்கு விளம்பரம்" என்றேன்.

மருமகன் வடை தின்றுகொண்டிருந்தார். மேலே இருந்த கடிதத்தை எடுத்தார். படிக்கப் போகிறார் என்று நினைத்தேன். விரலில் இருந்த எண்ணெயை அதில் துடைத்துக் கசக்கிப் போட்டார். முதலாளி பார்த்தும் பார்க்காதமாதிரி இருந்தார்.

கடைசியில் விளம்பரச் செலவைக் குறைப்பதில்லை என்று முடிவாயிற்று. அதற்கான பணத்தை மோட்டார் பூட்டும் பிரிவில் கான்ட்ராக்டர் மூலம் வந்திருந்த தற்காலிக ஆட்களை நிறுத்தி எடுப்பது. அந்த வாரமே நிறுத்தினார்கள்.

மருமகன் போட்ட திட்டம், பளபளப்பான பெரிய காலண்டர். தொழிலாளர்கள் வரிசையாக நின்று சிரிக்க வேண்டும், மேலே 'நாங்கள் ஒரே குடும்பம்' என்று அச்சிட வேண்டும். பெங்களூரிலிருந்து போட்டோக்காரர் வந்தார். கேமராவில் பார்த்துவிட்டு, "ஜனா சாலல்ல சார்" என்றார் கன்னடத்தில். ஆள் போதவில்லை.

மருமகன் யோசிக்கவே இல்லை. நிறுத்தின ஆட்களை மறுநாள் கூட்டிவரச் சொல்லிக் கான்ட்ராக்டருக்குப் போன் போட்டார்.

வந்தார்கள். எதற்கு என்று யாரும் அவர்களிடம் சொல்லியிருக்கவில்லை. வேலைக்குத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக் கையில் சாப்பாட்டுத் தூக்கோடு வந்திருந்தார்கள். புது நீலச் சட்டை கொடுத்து வரிசையில் நிறுத்தினார்கள். தொளதொளவென்று இருந்த சட்டைகளை முதுகுப் பக்கம் ஊக்கு போட்டு இறுக்கினார்கள். மருமகன் எதிரே நின்று, "நல்லாச் சிரிங்கப்பா" என்று கையைத் தட்டினார். சிரித்தார்கள். முடிந்ததும் டீயும் பன்னும் கொடுத்தார்கள். கேட்டில் வாட்ச்மேன் ஒவ்வொருவரிடமும் சட்டையைக் கழற்றி வாங்கி எண்ணி வைத்தார்.

ஊத்தங்கரை பக்கத்துக் கல்லாவியிலிருந்து வந்து ஓசூரில் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒருவர், பனியனோடு நின்றபடி என்னிடம் கேட்டார்.

"நாளைக்கு எந்த ஷிஃப்டுங்க மேடம்?"

நான் வாய் திறப்பதற்குள் மருமகன் பதில் சொன்னார். "சொல்லி அனுப்பறோம், போ."

காலண்டர் அச்சாகி வந்ததும் கம்பெனி வேனில் ஊத்தங்கரைக்குப் போனேன். அங்கே எங்கள் மோட்டாரை ரொம்ப வருஷமாக விற்றுவந்தவர் ஒரு பாய். காலண்டரை மேஜையில் விரித்தவர், ஒரு முகத்தின் மேல் விரலை வைத்தார்.

"இந்தப் பையன் நம்ம கல்லாவிக்காரன்மா. வேலைய விட்டு நிறுத்திட்டாங்கன்னு இங்க வந்து அழுதான். இப்ப செங்கச் சூளைக்குப் போறான்."

நான் நடந்ததைச் சொன்னேன். மறைக்கத் தோன்றவில்லை.

அவர் குரலை உயர்த்தவில்லை. "மோட்டாரப் பாக்க ஆள் அனுப்புங்கன்னு எத்தன தடவ எழுதினேன். காசில்லேன்னீங்க. இதுக்கு மட்டும் இருந்துச்சா?" காலண்டரைச் சுருட்டி ரப்பர் போட்டு என் கையில் கொடுத்தார். "உங்க மேல கோவமில்லம்மா. இத என் கடையில மாட்ட மாட்டேன்."

திரும்பி வந்து முதலாளியிடம் அப்படியே சொன்னேன். "பாய்க்கு அடுத்த லோடு கடனுக்கு வேணும். அதான் இப்படிப் பேசறாரு" என்றார். மருமகன் சிரித்தார். பாய் அதன்பின் ஆர்டரே தரவில்லை. கோயம்புத்தூர் மோட்டாருக்கு மாறிவிட்டார்.

அடுத்த வருஷம் மழை பெய்தது. பேங்குகள் கடன் கொடுத்தன, குடோன் காலியானது. மீட்டிங் போட்டு எல்லாருக்கும் மைசூர்பாகு கொடுத்தார்கள். காலண்டர் போட்ட போடுதான் இது என்று மருமகன் சொல்ல, முதலாளி தலையாட்டினார். பழைய ஆட்களில் ஒருவரையும் திரும்பக் கூப்பிடவில்லை. அவர்களைவிடக் குறைந்த கூலிக்குக் கான்ட்ராக்டர் வேறு ஆட்களைப் பிடித்து வந்திருந்தார். மைசூர்பாகைத் தட்டோடு மேஜையில் வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

அந்த மாதக் கடைசியில் வேலையை விட்டேன். இரண்டு தெரு தள்ளி ஒரு லேத் பட்டறையில் டைப்பிஸ்ட் வேலை காலியாக இருந்தது. சம்பளம் குறைவு. நாள் முழுக்க இரும்புத் தூள் பறக்கும். சேர்ந்துவிட்டேன்.