துரை அண்ணனிடம் மிஞ்சிய மொழி

போன ஞாயிற்றுக்கிழமை துரை அண்ணனின் பதினாறாம் நாள் காரியம். ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே கூடாரம் போட்டிருந்தார்கள். நாற்காலி பற்றவில்லை. தமிழர்கள், சீனர்கள், மலாய்க்காரர்கள்... வந்தவர்களில் பாதிப் பேருக்கு மீதிப் பேரைத் தெரியாது. எல்லோரையும் தெரிந்தவர் ஒருவர்தான். அவர் மாலை போட்ட படத்தில் இருந்தார்.

எண்பத்து நான்கு வயது. முப்பது வருடம் சரக்குக் கப்பலில் சமையல்காரர். யோகோஹாமா, டர்பன், ராட்டர்டாம் – நான் வரைபடத்தில் தேட வேண்டிய ஊர்களில் எல்லாம் இறங்கி டீ குடித்தவர். ஆனால் எந்தத் துறைமுகத்தில் கால் வைத்தாலும் முதல் வேலை வீட்டுக்கு போன். லீவில் வந்தால் மனைவி கமலா அக்கா அடுப்பங்கரைக்குள் நுழையக் கூடாது. ஓய்வு பெற்ற பிறகு மகன், மகள், பேரப்பிள்ளைகள் என்று ஒரு வேன் நிறைய ஏற்றிக்கொண்டு தாய்லாந்து வரை போய் வருவார்.

பேச்சுதான் அவருக்கு உயிர். லிஃப்ட் ஐந்தாவது மாடிக்குப் போவதற்குள் ஒருவரைச் சிநேகம் பிடித்துவிடுவார். எதிர்வீட்டுக்காரனான நானும் அப்படிச் சிக்கியவன்தான்.

இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்தது. வலது கை போனது. கூடவே தமிழும் போனது.

ஆமாம்... மூன்று வாரம் கழித்து அவர் வாய் திறந்தபோது வந்தது ஹொக்கியன் மட்டும். சின்ன வயதில் ஜார்ஜ்டவுன் சந்துகளில் சீனப் பிள்ளைகளோடு விளையாடிப் பிடித்த மொழி. தமிழில் பேசினால் வெறித்துப் பார்ப்பார். மலாய், ஆங்கிலம் எதுவும் ஏறவில்லை. மூளையில் அடிபட்ட இடம் அப்படி என்றார் டாக்டர். ஆட்களையும் மறந்துகொண்டே வந்தார்.

கமலா அக்கா நிபோங் திபால் தோட்டத்தில் பிறந்தவர். தமிழும் மலாயும்தான் பேசுவார். ஐம்பத்தைந்து வருடம் கூட வாழ்ந்த கணவரோடு ஒரு வார்த்தை பேச வழியில்லை. கீழ்மாடி ஆ லியான் – என் வயதுச் சீனப் பெண்மணி – தினமும் மாலையில் வர ஆரம்பித்தார். அண்ணனோடு பேசுவார். அவர் சொல்வதை அக்காவுக்கு மலாயில் சொல்வார்.

ஒருநாள் நானும் இருந்தேன். எனக்கு ஹொக்கியன் புரியும். அக்கா கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் ஆ லியானிடம் மெதுவாகக் கேட்டார்.

"இந்தம்மா யாரு? நல்லவங்களா இருக்காங்க. வீட்டுக்குப் போகச் சொல்லு, பாவம். இவங்க புருஷன் தேடுவாரு."

அக்கா கரண்டியை நிறுத்தினார். "என்ன சொல்றாரு?"

ஆ லியான் என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு அக்காவிடம், "கஞ்சி நல்லாருக்காம். நீங்களும் சாப்பிடணுமாம்" என்றார்.

நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். வேறென்ன செய்வது?

அதற்குப் பிறகும் அண்ணன் பல நாள் அதையே கேட்டார். ஆ லியானும் நாளுக்கு ஒரு பொய் சொன்னார். கால் வலிக்குதாம். ஃபேனைக் குறைக்கணுமாம். இந்தச் சேலை உங்களுக்கு எடுப்பா இருக்காம். கடைசிவரை அண்ணனுக்கு அக்காவை அடையாளம் தெரியவில்லை. அப்படியே போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் கலைந்த பிறகு அக்கா தனியாக உட்கார்ந்திருந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். ஆ லியான் உங்ககிட்ட சொன்னதெல்லாம்..."

"பொய்தானே?" என்றார் அக்கா. "நாப்பது வருஷமா பாசார்ல சீன மீன்காரிகிட்ட எந்தப் பாஷையில தம்பி பேரம் பேசுறேன்? பேசத்தான் சரியா வராது. கேட்டா புரியும் லா."

"அப்புறம் ஏன்க்கா ஒண்ணும் சொல்லல?"

"தெரியும்னு சொன்னா, அவ சங்கடப்பட்டுக்கிட்டு வராம நின்னுருவா. அவருக்குப் பேச ஆள் வேணுமே."

அக்காவுக்கு வலிக்கக் கூடாதென்று நாங்கள் இரண்டு பேர் மறைத்தோம். அந்த மறைப்பு கலையாமல் இருக்க, வலியை எல்லாம் அக்கா தனியாக வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார். இதற்குப் பெயர்தான் நாம் செய்கிற உதவியா?

"நீங்க அவர்கிட்ட பேசவே இல்லையாக்கா?"

"ஒரே ஒரு தடவை. ஆ லியான் வராத அன்னிக்கு. எம் புருஷன் வெளியூர் போயிருக்காரு, வர்ற வரைக்கும் இங்கேயே இருந்துக்கட்டுமான்னு கேட்டேன். தெரிஞ்ச நாலு வார்த்தையில."

"என்ன சொன்னாரு?"

"தாராளமா இருங்கன்னாரு."