டீ மணிக்கு ஓர் அட்டை

லைனில் தைத்துக்கொண்டிருந்த அந்தப் பெண்ணின் வலது சுட்டுவிரலில் ஊசி ஏறிய நாளில், அந்தப் பனியன் யூனிட்டின் செக்கிங் மேசைக்கு நான் பொறுப்பாளராக இருந்தேன். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆண்டுகள் அவை. மண்ணரைப் பக்கம் தெருவுக்குத் தெரு மெஷின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்த காலம். ஓவர்லாக் மெஷினில் விரலில் ஊசி ஏறுவது எங்களுக்குப் புதிய செய்தியல்ல. துணியைத் தள்ளும் வேகத்தில் கவனம் சற்றுப் பிசகினால், நகத்தையும் சேர்த்துத் தைத்துவிடும். பலரும் கட்டுப் போட்டுக்கொண்டு நான்காம் நாள் வந்து அமர்ந்துவிடுவார்கள். அவருக்கும் இரண்டு வாரத்தில் காயம் ஆறிவிட்டது. நடுக்கம்தான் ஆறவில்லை. மெஷின் ஓடத் தொடங்கியதும் வலது கை தானாக நடுங்கியது.

தையல் லைனைக் கவனிக்கும் இன்சார்ஜ் அவரை என் மேசைக்கு அழைத்து வந்தார். "அடுத்த ஆர்டர் ஏர்றப்ப மெஷின்ல உக்காந்தாச் சரிங்க. இல்லீன்னா இங்கியே செக்கிங்ல இருந்துக்கட்டும். காலி மெஷினை எத்தன நாளைக்குப் போட்டு வெக்கறது?" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கணவரோடு பிழைக்க வந்தவர். என் வயதுதான், ஆனாலும் மேசைப் பொறுப்பாளர் என்பதால் என்னை அக்கா என்றே அழைத்தார். அவர் தைத்த பனியனின் தோள்மூட்டுத் தையலை நான் இரண்டாம் முறை திருப்பிப் பார்த்ததே இல்லை. டெய்லர் என்ற சொல்லை அவர் ஒரு பட்டத்தைப் போல வைத்திருந்தார். அதைத் திரும்பப் பெற முடியுமா என்பதைத் தவிர, அந்த நாட்களில் அவருக்கு வேறு கவலை இருந்ததாகத் தெரியவில்லை.

எங்கள் மேசையின் வேலை குறை காண்பது. பனியனை விரித்து, உள்ளும் புறமும் திருப்பி, தையல் நழுவிய இடத்திலோ எண்ணெய்க் கறை பட்ட இடத்திலோ ஒரு சின்னச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டுவோம். அதற்கு எங்கள் பேச்சில் ஏரோ என்று பெயர். எட்டு ஆண்டுகள் அதையே செய்ததில் என் கண் ஒரு பக்கமாகவே பழகியிருந்தது. பேருந்தில் முன்னால் நிற்பவரின் சட்டை மடிப்பு கோணியிருப்பது தெரியும். அவர் முகம் நினைவில் நிற்காது. மதிய உணவு வேளையில் நாவல் படிக்கும்போதுகூட அச்சுப் பிழைகள்தான் முதலில் எழுந்து வரும். என் கணவர் ஒருநாள் சாப்பிட்டபடியே, "என்னங்க மேடம், இந்த ரசத்துக்கு இன்னும் ஏரோ ஒட்டலீங்களா?" என்று கேட்டார். அவர் வைத்த ரசம் அது. உப்புக் குறைவு என்று சொல்ல வாயெடுத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு திங்கட்கிழமை, காலை பதினொரு மணிக்கு டீ மணி அடித்ததும், தூத்துக்குடிக்காரர் தம் பையிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வாட்டர் கலர் பெட்டி ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். மடித்த பனியனுக்குள் வைக்கும் அட்டைகளில், மூலை மடங்கி ஒதுக்கப்பட்ட ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"என்னங்க இது?" என்றேன்.

"பிள்ளைக்கு ஸ்கூல்ல படம் வரஞ்சிட்டு வரச் சொல்லிருந்தாவ அக்கா. நேத்து கோயில்ல பூசை முடிஞ்சு வந்து நானும் கூட உக்காந்து வரஞ்சேன். அரைமணி நேரம் கை நடுங்கவே இல்ல. அதான், தெனமும் வரஞ்சா என்னன்னு தோணிச்சு."

முதல் நாள் வரைந்தது எதிரில் இருந்த டீ டம்ளரை. மறுநாளும் அதையே. அவராகவே விதிகள் சில வகுத்துக்கொண்டார். டீ மணி அடித்தால் தொடங்க வேண்டும்; பதினைந்து நிமிடம் கழித்து வேலை மணி அடித்தால் தூரிகையைக் கீழே வைத்துவிட வேண்டும். பாதி டம்ளரே வந்திருந்தாலும் அவ்வளவுதான். அழித்துத் திருத்தக் கூடாது. மறுநாள் புது அட்டை. ஆர்டர்கள் குவிந்து, டீயை நின்றபடியே குடிக்க நேர்ந்த நாட்களில், ஒரே ஒரு நீலக் கோடு மட்டும் இழுத்துவிட்டுப் பின்புறம் தேதி எழுதிக்கொண்டார். ஒரு கோடும் ஒரு படம்தான் என்பது அவர் கணக்கு. புத்தகங்களில் ஒழுக்கம் பற்றி நிறையப் படித்தவள் நான். இவ்வளவு எளிமையாகவும் இவ்வளவு உறுதியாகவும் அதை யாரும் கடைப்பிடித்து அதுவரை பார்த்ததில்லை.

பேக்கிங் பகுதியில் வேலை செய்த பெரியவர் ஒருவர் கடந்து போகும்போதெல்லாம் சீண்டுவார். "என்ன அம்மிணி, டம்ளருக்குள்ள டீயே காணம்? கேண்டீன்காரன் ஏமாத்தீட்டானா?"

"நீங்க பாத்த பார்வையில வத்திட்டு அண்ணாச்சி" என்பார் இவர், தலை நிமிராமல்.

மூன்றாவது வாரத்தில் நூல் பிசிறு வெட்டும் கத்தரி அவர் கையில் அசையாமல் நின்றது. என் கண்ணுக்கு அது தப்பவில்லை. தப்பாத கண்தானே தவறையும் செய்தது.

அன்று அவர் படத்தை என் மேசையில் காய வைத்துவிட்டு டம்ளர் கழுவப் போயிருந்தார். செக்கிங்குக்கு வந்த பனியன்களின் நடுவே அட்டை கிடந்தது. மனம் அறிவதற்குள் கை வேலையை முடித்துவிட்டது. கோணிய விளிம்புக்கு ஓர் ஏரோ. நிழல் விழுந்த பக்கம் தவறு என்று ஒன்று. மேசையின் கோடு சரிந்ததற்கு இன்னொன்று. திரும்பி வந்தவர் அட்டையைப் பார்த்தார். மூன்று சிவப்பு அம்புகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க, கைப்பழக்கத்துல ஒட்டீட்டேனுங்க" என்றேன்.

"ஏசும்போதும் 'ங்க' போட்டு ஏசுதிய அக்கா" என்று சிரிக்க முயன்றார். சிரிப்பு வரவில்லை. அட்டையைப் பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் டீ மணி அடித்தபோது அவர் கையில் பன் மட்டும் இருந்தது. அதற்கடுத்த நாளும் அப்படியே. நான்காம் நாள், அவர் பிடித்திருந்த கத்தரியின் முனை பழையபடி துடித்தது. வெட்டிய பிசிறோடு துணியும் சற்றுக் கிழிந்தது. அடுத்த ஆர்டருக்கான துணி அன்றுதான் வந்து இறங்கியிருந்தது. அவர் மெஷினுக்குத் திரும்பும் வழியில் நானே மூன்று அம்புகளைக் குத்தி நிறுத்தியிருக்கிறேன் என்பது எனக்கு உறைத்தது.

மன்னிப்புக் கேட்பதில் எனக்குத் தேர்ச்சி போதாது. மாலையில், கழித்த பனியன்களும் மலிவாக விலைபோகும் காதர்பேட்டையில் மூட்டைகளுக்கு இடையே நுழைந்து, ஒரு ஸ்டேஷனரிக் கடையில் வாட்டர் கலர் பெட்டியும் தூரிகையும் வாங்கினேன். மறுநாள் டீ மணி அடித்ததும் ஓர் அட்டையை எடுத்து வைத்து, எல்லோரும் பார்க்க டம்ளரை வரைந்தேன். பள்ளியை விட்ட பின் நான் வரைந்த முதல் படம் அது. ஒவ்வொரு கோடும் தவறு என்று தெரிந்தது. ஒன்றையும் நேராக்க முடியவில்லை. முடித்ததும் அட்டையையும் ஏரோ ரோலையும் அவர் முன்னால் தள்ளினேன்.

"ஒட்டுங்க."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்தார். "அக்கா, மெய்யாவே டம்ளரா இது?"

பக்கத்திலிருந்த பெண் எட்டிப் பார்த்தாள். "ஆட்டாங்கல்லு மாதிரி இருக்குதுங்க!"

அவ்வளவுதான், மேசையே திரண்டுவிட்டது. ஆளுக்கொன்றாக ஒட்டினார்கள். பேக்கிங் பெரியவர் தம் பங்குக்கு இரண்டு ஒட்டி, "இது ரிஜெக்ட் பீஸுங்க, காதர்பேட்டையிலகூட வெல போகாது" என்று தீர்ப்புச் சொன்னார். பன்னிரண்டு அம்புகள் ஏறிய என் டம்ளரைத் தூத்துக்குடிக்காரர் கையில் எடுத்து, சத்தமாகச் சிரித்தார். பிறகு நகத்தால் அம்புகளை ஒவ்வொன்றாக உரித்தார். அட்டை கிழியாமல், பொறுமையாக. கடைசி ஒன்றை மட்டும் விட்டுவைத்தார்.

"இது இருக்கட்டும். டீ இது வரைக்குந்தான் கெடக்குன்னு காட்டுதுல்லா."

மறுநாள் அவர் பெட்டி மேசைக்கு வந்தது. அதன் எதிரில் என் பெட்டியும் இருந்தது. அன்று தொடங்கிய பழக்கத்தை நான் இன்றும் விடவில்லை. என் டம்ளர்கள் இப்போதும் நேராக நிற்பதில்லை. ஆனால் ஒரு பொருளைக் குறை தேடாமல் பதினைந்து நிமிடம் பார்த்திருக்க முடிகிறது. எட்டு ஆண்டுகளில் நான் தொலைத்திருந்தது அதைத்தான். பேருந்தில் இப்போது முகங்கள் தெரிகின்றன. ரசத்தில் மிளகின் மணம் முதலில் வருகிறது. உப்பு அதற்குப் பிறகுதான்.

எல்லோரும் என் படத்தில் அம்பு ஒட்டிய நாளிலிருந்து பத்து நாள் கழித்து, புதிய ஆர்டர் லைனில் ஏறியது. குழந்தைகளுக்கான இரவு உடுப்புகள். இன்சார்ஜ் வந்து, "ஏனுங்க, இன்னைக்கு உக்காருவீங்களா?" என்று கேட்டார்.

அவர் சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். "பத்தே முக்காலுக்கு உக்காருதேன். டீ மணி அடிக்கிற வரைக்குந்தான் தைப்பேன். அடிச்சதும் எந்திருச்சிருவேன்."

பதினைந்து நிமிடம். தூரிகைக்கு வகுத்த விதியையே அவர் ஊசிக்கும் வகுத்துவிட்டார் என்பது எனக்கு மட்டும்தான் புரிந்தது. பத்தே முக்காலுக்கு அவர் தம் பழைய மெஷினின் முன் அமர்ந்தார். வலது கையைப் புடவையில் ஒருமுறை துடைத்தார். சிறிது நேரம் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தார். டம்ளரைப் பார்க்கும் அதே பார்வை. பிறகு கால் பெடலை அழுத்தியது. நான் என் கையிலிருந்த பனியனை எந்தப் பக்கம் திருப்பினேன் என்று எனக்கே தெரியவில்லை.

மணி அடித்ததும், சொன்னபடியே காலை எடுத்துவிட்டு எழுந்தார். நான்கு உடுப்புகளைக் கொண்டுவந்து என் முன் வைத்தார். இன்சார்ஜும் வந்து நின்றார். முதல் மூன்றையும் உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்தேன். தோள்மூட்டு பழைய நேர்த்தியில் ஓடியிருந்தது. நான்காவதில், ஒரு விரல் அகலத்துக்குத் தையல் ஓரத்தை விட்டு நழுவியிருந்தது. என் கை ஏரோ ரோலின் மேல் போய் நின்றுவிட்டது.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓர் அம்பை உரித்து அந்த இடத்தில் ஒட்டினேன்.

அவர் முகம் மலர்ந்தது. "இதுக்கு ஒட்டாம விட்டிருந்தியள்னா, மத்த மூணையும் நான் நம்பிருக்க மாட்டேன் அக்கா."

இன்சார்ஜ் மற்ற மூன்றையும் ஒருமுறை புரட்டிப் பார்த்தார். "டீ குடிச்சுப்போட்டுப் போயி உக்காருங்க. மெஷின் உங்களுதுதானுங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

அவர் கைகழுவி வந்து, பையிலிருந்து கலர் பெட்டியை எடுத்தார். பேக்கிங் பெரியவருக்குப் பொறுக்கவில்லை. "அதான் கை சரியாப் போச்சே அம்மிணி, இன்னும் எதுக்கு இது?"

"கைக்கு மெஷின் இருக்கு அண்ணாச்சி. இது எனக்கு. பத்து நிமிசந்தான் மிச்சம், பேச்சுக் கொடுக்காதீங்க."

அன்றும் அவர் வரைந்தது டீ டம்ளரைத்தான். விளிம்பு வழக்கம்போல் இடப்பக்கம் சரிந்திருந்தது. ஏரோ ரோலை மேசையின் இழுப்பறைக்குள் வைத்து மூடிவிட்டு, நானும் ஓர் அட்டையை எடுத்துக்கொண்டு அவருக்கு எதிரில் அமர்ந்தேன்.